நடுச்சுவரில் விழுந்த கோடு

அலுவலகத்தில் அவரை எல்லோரும் "மேப்பு" என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவருக்கே அது வேறு யாரோ என்று தோன்றும். ஒருமுறை பாராட்டுக் கூட்டத்தில் மேடையிலிருந்து அவர் பெயரை வாசித்தபோது, பக்கத்து நாற்காலிக்காரரின் தொடையைத் தட்டி, "உங்களைத்தான் சார், எழுந்து போங்க" என்றார். அந்தக் கதையை அவர் மனைவி இன்னமும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நகரத்தின் நில அளவைப் பிரிவில், மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிக்கொடுத்த ஓர் அறையில்தான் அவருக்கு வேலை. ஒரு கணினி, அகலமான திரை, தலைக்கு மேலே யார் ஏறினாலும் இறங்கினாலும் தடதடவென்று சத்தம். யாராவது "உங்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டால் "புள்ளியைக் கட்டமாக்குறது" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவருடைய அண்ணன் மட்டும் தன் கடைக்கு வருகிறவர்களிடம், "இவன் என் தம்பி. ஊர்ல பெரும்புள்ளி" என்று அறிமுகப்படுத்துவார். மேப்பு கூசிப்போய், "சின்னப் புள்ளிங்கதான், அதுவும் அடுத்தவங்களோடது" என்பார்.

வேலை என்னவோ அவர் சொன்னதுதான். வெளியே போகிற அளவையாளர்கள் ஒவ்வோர் இடத்திலும் கையடக்கக் கருவியை வைத்து ஒரு புள்ளி எடுத்துக்கொண்டு வருவார்கள். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது, மரம் எவ்வளவு உயரம் என்று அந்தப் புள்ளியோடு ஓர் எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் ஊரைத் திட்டமிடுகிறவர்களுக்குப் புள்ளிகள் ஆகாது. ஊர் முழுவதையும் கணக்குப் பாடநோட்டின் தாளைப் போலச் சதுரச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு நிறம் என்று கொடுத்தால்தான் அவர்களுக்குப் பேச வரும். அந்தக் கட்டப்படத்துக்கு ராஸ்டர் என்று பெயர். புள்ளியைக் கொடுத்து ராஸ்டரை வாங்குவதற்கு மென்பொருளில் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். எந்த எண், கட்டம் எவ்வளவு பெரியது, ஒரே கட்டத்தில் நிறையப் புள்ளி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்கும். பதில் சொல்லி அழுத்தினால், தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இருபது வருடமாக மேப்பு அதை அழுத்திக்கொண்டிருந்தார்.

அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. அப்பா கட்டும்போதே அப்படித்தான் கட்டினார். மேலே ஒரே கூரை, நடுவே ஒரே சுவர், முன்னால் நாலடி இடைவெளியில் இரண்டு கதவு. வலப்பக்கம் அண்ணனும் அண்ணியும், இடப்பக்கம் மேப்பும் மனைவியும். மேப்பின் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். நடுச்சுவர் அப்படியொன்றும் கனமில்லை. அண்ணன் தும்மினால் இந்தப் பக்கம் மனைவி, "மாமாவுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பாள். இந்தப் பக்கம் சண்டை வந்தால் அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி, "மெதுவா, மெதுவா, வசனம் பாதிதான் கேக்குது" என்று குரல் கொடுப்பாள்.

ஊருக்கு அடியில் எப்போதோ கரி வெட்டிய சுரங்கம் இருந்தது. மூடிப் பல காலம் ஆகியிருந்தது. அதன் மேல் தெருக்கள், கடைகள், பள்ளிக்கூடம் என்று எல்லாம் வந்துவிட்ட பிறகு, பூமி மெல்ல இறங்கத் தொடங்கியது. முதலில் கதவுகள் சிக்கின. பிறகு ஜன்னல் கண்ணாடிகள் தாமாகவே மூலையில் கீறல் விட்டன. மேப்பின் அண்ணன் கண்ணாடி வெட்டுகிறவர். கடையில் கூட்டம் கூடியது. "ஊரு இறங்குது, நான் ஏறுறேன்" என்று அவர் சொல்வார். சொல்லிவிட்டு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அவர்கள் வீட்டிலும் விரிசல் வந்தது. அண்ணன் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தலைமுடி போல ஆரம்பித்து, சாய்ந்து ஏறி, நடுச்சுவரைத் தாண்டி, மேப்பின் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே விரிசல். அண்ணன் தன் கடையிலிருந்து விரல் நீளத்துக்குக் கண்ணாடித் துண்டுகள் வெட்டிவந்து, விரிசலுக்குக் குறுக்கே சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், உடைந்தால் தெரிந்துவிடும்.

"தெரிஞ்சு என்ன பண்றது மாமா?" என்று கேட்டாள் மேப்பின் மனைவி.

"வேற கண்ணாடி ஒட்டலாம்."

அவள் சிரிக்கவில்லை. பேருந்து நிலையத்தில் முன்பதிவு ஜன்னலில் வேலை பார்க்கிறவள். நாள் முழுவதும் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் விரிசலுக்குப் பக்கத்தில் வந்து படுக்க வேண்டியிருந்தது. கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்தினாள். மறு மாதம் கட்டிலையே முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். "இந்த வீட்டைவிட்டுப் போயிடணும்" என்பது அவளுக்குத் தினமும் வாயில் வந்து நிற்கும் வார்த்தையாகிவிட்டது.

அண்ணன் அதற்கு நேர் எதிர். "என் பொணம்கூட இந்த வாசல் வழியாத்தான் போகும்" என்பார். அண்ணி உடனே, "வாயைக் கழுவுங்க" என்பாள்.

அரசு ஒருவழியாக விழித்துக்கொண்டது. வீடு வீடாக அளந்து, ஆபத்தான பகுதியில் இருக்கிறவர்களைப் புறவழிச்சாலைப் பக்கம் மேட்டில் கட்டிய குடியிருப்புக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் அளவையாளர்கள் நின்று ஒரு புள்ளி எடுத்தார்கள். இந்த இடம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பது அந்தப் புள்ளியின் எண். பொறியாளர்கள் குழு கூடி விதியும் வகுத்தது. ஐம்பது மீட்டர் கட்டம். ஒரு கட்டத்தில் எத்தனை வீடு விழுந்தாலும் சராசரி எடுக்க வேண்டும். சராசரி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சிவப்பு, அங்கே இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். தாண்டாவிட்டால் மஞ்சள், கண்காணிப்பில் இருக்கும். சரியான விதியாகத்தான் மேப்புக்கும் பட்டது. நிலம் வீடு வீடாகப் பார்த்தா இறங்குகிறது? பகுதி பகுதியாகத்தானே இறங்கும்.

ஒரு காலை வேளையில் புள்ளிகள் வந்து சேர்ந்தன. மேப்பு ஜன்னலைத் திறந்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் கொடுத்து, அழுத்தினார். ஊர் திரையில் சிவப்பும் மஞ்சளுமாக எழுந்து நின்றது. எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். தன் தெருவைத் தேடிப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தார்.

கட்டத்தின் கோடு அவர் வீட்டு நடுச்சுவரோடு ஓடியது.

அண்ணன் வாசல் சிவப்பில் இருந்தது. அவர் வாசல் மஞ்சளில் இருந்தது.

முதலில் கருவியில் கோளாறு என்று நினைத்தார். புள்ளிகளைத் தனித்தனியாகச் சொடுக்கிப் பார்த்தார். இரண்டு வாசலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் இறங்கியிருந்தன. அண்ணனுடைய கட்டத்துக்குள் பேக்கரியும் சலவைக் கடையும் இருந்தன. அவை இரண்டும் நன்றாக உள்வாங்கியிருந்ததால் சராசரி ஏறிவிட்டது. மேப்பின் கட்டத்தில் மிச்சமெல்லாம் வங்கி ஊழியர்கள் ஆழமாகத் தூண் இறக்கிக் கட்டிக்கொண்ட புதுவீட்டு வரிசை. அவை அசையவே இல்லை. அவற்றின் நடுவே இவருடைய ஒற்றைப் புள்ளி கரைந்து போயிருந்தது. கணக்கில் ஒரு பிசகும் இல்லை. பிசகு இருந்திருந்தால் திருத்தியிருப்பார்.

போக வேண்டும் என்று துடிக்கிறவள் தங்கிவிட்டாள். போகவே மாட்டேன் என்கிறவர் போயாக வேண்டும். மேப்பு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படியில் யாரோ இறங்கிய சத்தம் மண்டைக்குள் கேட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். சராசரிக்குப் பதிலாக ஒவ்வொரு கட்டத்திலும் அதிகபட்ச அளவை எடுக்கச் சொன்னார். அவர் வீடு சிவப்பானது. கூடவே பாதி ஊரும் சிவப்பானது. கட்டத்தைப் பத்து மீட்டராகச் சுருக்கினார். வீடு இல்லாத இடங்களெல்லாம் எண் இல்லாமல் வெள்ளை வெள்ளையாக ஓட்டை விழுந்து, ஊர் அரித்த துணி போல ஆனது. கடைசியாக, கட்டங்களின் அளவைத் தொடாமல், அவை தொடங்கும் மூலையை மட்டும் ஐந்து மீட்டர் மேற்கே நகர்த்தினார். அவ்வளவுதான், மேப்பின் வாசல் சிவப்புக்குள் வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே கட்டத்தில் நின்றார்கள்.

ஒரு மூச்சு விட்டார். பிறகு திரையை மெதுவாக நகர்த்தி, மற்ற இடங்களில் என்ன ஆயிற்று என்று பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கட்டடம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போயிருந்தது. அந்தக் கட்டடம் அவருக்குத் தெரியும். முன்னால் முடிதிருத்தும் கடை, பின்னால் கடைக்காரரின் குடித்தனம். பின்சுவர் சாய்ந்துவிட்டதால் மூன்று மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து மேப்பு முடி வெட்டிக்கொள்வது அங்கேதான். முடிதிருத்துபவரின் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. சுவர் விழுந்தால் அவளால் எழுந்து ஓட முடியாது.

மேப்பு கட்டத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

மதியம் பிரிவுத் தலைவியின் அறைக்குப் போனார். தலைவிக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"மேடம், ஒரு வீடு ரெண்டு கட்டத்துல விழுது."

"விழட்டும். நிறைய விழும். யாரோட வீடு?"

"என்னோடது. பாதி எங்க அண்ணனோடது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேப்பு கொண்டுவந்த தாளை வாங்கி, கோட்டின் மேல் விரலை வைத்தார். "அடடா" என்றார். பிறகு, "என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?" என்று கேட்டார்.

மேப்பு எல்லாவற்றையும் சொன்னார்.

"அதிகபட்சம் எடுத்தா அத்தனை பேரை எங்க கொண்டுபோய் வைக்கிறது? மேட்டுல கட்டினதே பத்தாதுன்னு சொல்றாங்க. கட்டத்தைச் சுருக்கினா குடிநீர்ப் படம், மின்சாரப் படம் எதோடயும் ஒட்டாது. அதெல்லாம் தலைமை அலுவலகத்துல இதே ஐம்பது மீட்டர்ல போட்டு வச்சது."

"தெரியும் மேடம்."

"நகர்த்தினா?"

"நான் உள்ள வந்துடுவேன். வேற ஒருத்தர் வெளிய போயிடுவார்."

"யாருன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

பிரிவுத் தலைவி தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நகர்த்துறதுக்குக் காரணம்னு ஒரு வரி எழுதணும் சார். என்ன எழுதுவீங்க, சொல்லுங்க. நீங்க சொல்ற வரி சரியா இருந்தா நான் கையெழுத்துப் போடுறேன்."

மேப்பு மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தார். ஒரு வரியும் வரவில்லை. கடைசியில் அவரே, "ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற வீடுங்களை ஒண்ணா எடுத்துக்கணும்னு குழுவுக்கு எழுதலாமா?" என்று கேட்டார். நல்ல யோசனை என்று பிரிவுத் தலைவியும் எழுதினார். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. பரிசீலித்தார்களா என்று யாருக்கும் தெரியாது. படம் அதற்குள் அச்சாகி, நகரமன்றத்து வாசலில் ஒட்டப்பட்டுவிட்டது.

படம் ஒட்டிய அன்று சாயங்காலம் அண்ணன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். கையில் கண்ணாடி வெட்டும் பேனாவை அப்படியே பிடித்திருந்தார்.

"என்னடா இது? ஒரே வீட்டுல எனக்கு ஆபத்து, உனக்கு இல்லையா? சுவத்துக்கு அந்தப் பக்கம் பூமி வேற பூமியா?"

"அண்ணா, அது சராசரி. பேக்கரியோட சேர்த்து..."

"பேக்கரிக்காரன் இறங்கினா நான் ஏன்டா போகணும்?"

மனைவி அடுத்த அறையிலிருந்து வந்தாள். அவள் படத்தைப் பேருந்து நிலையத்திலேயே யாரோ கைப்பேசியில் காட்டியதில் பார்த்திருந்தாள். கோபத்தில் அவளுக்குக் குரல் தணிந்துவிடும்.

"நீங்கதானே இந்தப் படத்தைப் போட்டீங்க?"

"நான்தான் போட்டேன்."

"போடும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வந்து சாப்பிட்டுட்டு, படுத்துத் தூங்கி, எந்திரிச்சுப் போனீங்க."

தூங்கவில்லை என்று சொல்ல நினைத்தார். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். முடிதிருத்துபவரைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். அண்ணி வாசலில் நின்று, "அவரை ஏன் ரெண்டு பேரும் பிய்க்கிறீங்க? அவரா பூமியை இறக்கினாரு?" என்றாள்.

தெருவில் வேறு கதை ஓடியது. மேப்பு உள்ளே இருந்துகொண்டே அண்ணனுக்கு இலவசமாகப் புதுவீடு வாங்கிக்கொடுத்துவிட்டான் என்று தேநீர்க் கடையில் பேசினார்கள். தனக்கும் எழுதிக்கொண்டால் மாட்டிக்கொள்வோம் என்று சாமர்த்தியமாக அண்ணனோடு நிறுத்திக்கொண்டானாம். அதைக் கேட்டு மேப்பின் மனைவி அந்தக் கடைப் பக்கமே போவதை நிறுத்தினாள்.

முடி வளர்ந்துவிட்டது, வேறு வழியில்லாமல் மேப்பு வாய்க்காலைத் தாண்டிப் போனார். முடிதிருத்துபவர் அவரைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க புண்ணியம் சார். எங்க தெருவுல நான் ஒருத்தன்தான் சிவப்புக்குள்ள வந்திருக்கேன். அடுத்த மாசம் சாவி கொடுக்கிறாங்களாம். கீழ்த்தளமாப் பார்த்துக் கேட்டிருக்கேன். இவளை வெயில்ல உட்காரவைக்கலாம்."

"நான் ஒண்ணும் செய்யலைங்க" என்றார் மேப்பு.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. பெரிய மனுசங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

கத்தரி காதோரம் கிச்சுக்கிச்சென்று போய்க்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி, "சாருக்குத் தேநீர் சொல்லுங்க" என்றாள். மேப்பு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டார். "தலையை நிமிர்த்துங்க சார், கோணிடும்" என்றார் முடிதிருத்துபவர்.

ஆட்சேபம் கேட்கும் நாளில் அண்ணனும் மேப்பின் மனைவியும் ஒரே ஆட்டோவில் நகரமன்றத்துக்குப் போனார்கள். மேப்பும் கூடப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் அதிகாரி இருந்தார்.

"எங்களை அனுப்பாதீங்க" என்றார் அண்ணன்.

"எங்களை அனுப்புங்க" என்றாள் மேப்பின் மனைவி.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"ஒரே வீடுதான் தம்பி. அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் அண்ணன். பிறகு, பாதி வழியில் ஆட்டோவில் தோன்றிய யோசனையை எடுத்துவிட்டார். "ஒண்ணு பண்ணலாம். நாங்க வீட்டை மாத்திக்கிறோம். நான் இந்தப் பாதிக்கு வந்துடுறேன், என் தம்பி அந்தப் பாதிக்குப் போயிடட்டும். சிவப்புல யார் இருக்காங்களோ அவங்களை அனுப்புங்க. உங்களுக்கும் கணக்கு சரியா இருக்கும்."

அந்த அதிகாரி சிரிக்காமல் யோசித்தார். அதற்காகவே மேப்புக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா அளவெடுத்த அன்னைக்கு யார் எந்தக் கதவுல இருந்தாங்களோ, அதுதான் பதிவு. அப்புறம் மாறினா செல்லாது. இல்லைன்னா ஊர்ல எல்லாரும் சிவப்புக்குள்ள குடி வந்துடுவாங்க."

"அப்ப எங்களுக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"கண்காணிப்புல வச்சிருக்கோம்மா. மறுபடியும் அளப்போம்."

வெளியே வந்ததும் அண்ணன் தம்பியின் தோளில் கைபோட்டார். திட்டப்போகிறார் என்று மேப்பு நினைத்தார். "உன் ஆபீஸ்காரங்க எல்லாரும் நல்லவங்களாத்தான்டா இருக்காங்க. யாரைப் போய்ப் பிடிச்சுச் சட்டையை உலுக்குறதுன்னுதான் தெரியலை" என்றார் அண்ணன்.

அண்ணனும் அண்ணியும் போனார்கள். அண்ணி அழுதுகொண்டே பாத்திரங்களைப் பழைய துணிகளில் சுற்றினாள். அண்ணன் அழவில்லை. லாரிக்காரனோடு, கண்ணாடிகளைப் படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்று தொண்டை வற்றச் சண்டை போட்டார். காலியான சிவப்பு வீடுகளில் யாரும் குடியேறிவிடக் கூடாது என்பதற்காக அவற்றை இடித்துவிடுவது என்று ஓர் ஏற்பாடு. பேக்கரியை இயந்திரம் வந்து ஒரே நாளில் தரைமட்டமாக்கியது. அண்ணன் பாதிக்கு இயந்திரம் வேண்டாம், நடுச்சுவருக்குக் கெடுதல் என்று மேப்பு கெஞ்சிக் கேட்டதால், ஆட்களை வைத்துச் சுத்தியலால் இடித்தார்கள். பகலெல்லாம் மேப்பின் வீடு அதிர்ந்தது. பீரோவுக்குப் பின்னால் அண்ணன் ஒட்டிய கண்ணாடி, இரண்டாம் நாள் இரண்டாகத் தெறித்தது.

இடித்து முடிந்தபோது நடுச்சுவர் வெளிச்சுவராகிவிட்டது. அதன் மறுபக்கம் அப்படியே தெருவைப் பார்த்து நின்றது. அண்ணி ஆசைப்பட்டு அடித்த நீலச் சாயம், தொட்டிக்கு மேலே ஒட்டிய வெள்ளை ஓடு, கரண்டிகள் மாட்டிய ஆணிகள், படம் தொங்கிய இடத்தில் வெளிறாத ஒரு சதுரம். அடுத்தவர் வீட்டு உள்ளறையை இப்படி வெட்டவெளியில் வைத்துப் பார்ப்பது தெருவில் போகிறவர்களுக்கே கூச்சமாக இருந்தது. மேப்பு வேலைக்குப் போகும்போது அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

அந்தச் சுவர் மழைக்காகக் கட்டப்பட்டது இல்லை. முதல் மழையிலேயே தண்ணீர் ஊறி இந்தப் பக்கம் படம் படமாக இறங்கியது. படுக்கையறையில் இருந்த துணியெல்லாம் நாறியது. பூசுவதற்கு வந்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தனியா நிக்கிற சுவர் இல்லை சார். அந்தப் பக்கம் ஒரு வீடு தாங்கிட்டு இருந்துச்சு" என்றார். தார்ப்பாய் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். மனைவி தார்ப்பாய் வாங்கிவந்தாள். இருவரும் ஏணி போட்டுக் கட்டினார்கள். காற்றடித்தால் அது பாய்மரம் போல அடித்துக்கொண்டது. தெருவே மாறிவிட்டது. சிவப்புப் பக்கத்தில் விளக்குகளைக் கழற்றினார்கள். பேருந்து நிறுத்தத்தைத் தள்ளிப் போட்டார்கள். மேட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு தேடினார்கள். ஊரே அங்கே தேடிக்கொண்டிருந்தது. இருந்த வீட்டை விற்கலாம் என்றால் மஞ்சள் கட்டத்தில் வீடு வாங்க யார் வருவார்கள்?

சொன்னபடியே மறுபடி அளந்தார்கள். புள்ளிகள் வந்தன. மேப்பு தன் வாசல் புள்ளியை முதலில் சொடுக்கினார். முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மனதில் எழுந்தது பயமா, நம்பிக்கையா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து, கேள்விகளுக்குப் பதில் கொடுத்து, அழுத்தினார்.

மஞ்சள்தான். வங்கி ஊழியர் வரிசை இம்மியும் அசையவில்லை. அத்தனை வீடுகள் சேர்ந்து அவருடைய ஒரு புள்ளியை இழுத்துப் பிடித்து மஞ்சளிலேயே வைத்திருந்தன. பக்கத்துக் கட்டத்தில் இப்போது வீடே இல்லை, புள்ளியும் இல்லை. அதனால் அங்கே நிறமும் இல்லை. அண்ணன் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

பிரிவுத் தலைவியிடம் தாளைக் கொண்டுபோய் வைத்தார். அவர் நெடுநேரம் பார்த்தார். "உங்க வீட்டுக்குத் தனியா பொறியாளரை அனுப்பச் சொல்லி நானே எழுதுறேன்" என்றார். எழுதவும் செய்தார். பொறியாளர் வந்தார், பார்த்தார், கவலைக்கிடம் என்று குறித்துக்கொண்டார். குடியிருப்பு ஒதுக்குவது படத்தின்படிதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு விடுமுறை நாளில், மேப்பும் மனைவியும் தார்ப்பாயின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஒரு தோள்பையோடு வந்து நின்றார். மேட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு, நீலச் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணி எங்க?"

"அவளுக்கு அங்க பிடிச்சுப்போச்சு. லிஃப்ட்டுல ஏறி இறங்கி ஆளுங்களைப் பழக்கம் பிடிச்சுட்டா. எனக்குத்தான்டா முடியலை. கடை இங்க, நான் அங்க. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதாம். ஜன்னல் கண்ணாடி உடையவே உடையாதாம், அப்படி ஒரு கண்ணாடி. அப்புறம் நான் எதுக்கு?"

உள்ளே வந்து உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "வாரத்துல நாலஞ்சு நாள் இங்கயே இருந்துக்கிறேன்னு பார்த்தேன். பாப்பா ரூம் சும்மாதானே கிடக்கு?" என்றார்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, இங்க இருக்கக் கூடாது மாமா" என்றாள் அவள். "நாங்களே எப்படா போவோம்னு இருக்கோம்."

"அண்ணா, வீடு முன்னைவிட இறங்கிடுச்சு. நானே பார்த்தேன். இந்தச் சுவர் தனியா நிக்காதுன்னு கொத்தனாரும் சொல்லிட்டார்" என்றார் மேப்பு.

அண்ணன் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்கிற முகம்தான்.

"புதுப் படம் பார்த்தேன்டா, வாசல்ல ஒட்டியிருக்கு. உன் வீட்டுக்கு மஞ்சள்தானே போட்டிருக்கே? மஞ்சள்ல ஆள் இருக்கலாம்ல?"

மேப்பு வாயைத் திறந்தார். அந்தப் படம் தப்பு என்று சொல்ல வேண்டும். ஆனால் தப்பில்லை. ஒவ்வோர் எண்ணையும் அவரே சரிபார்த்திருந்தார். படம் சரி, வீடு ஆபத்து, இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அண்ணனுக்குப் புரியும்படி எந்த வார்த்தையில் சொல்வது என்று தேடினார். அதற்குள் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து, "ஜன்னல் சிக்குது, சாயங்காலம் இழைச்சுடலாம்" என்று குரல் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

மனைவி அலமாரியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து மேப்பின் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. இரண்டு பேருமாகத் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் பிடித்து, அதை அறையின் நடுவுக்கு நகர்த்திப் போட்டார்கள். தரை சாய்ந்திருந்ததால் ஒரு கால் மட்டும் அந்தரத்தில் நின்று ஆடியது. அண்ணன் அதன் மேல் உட்கார்ந்து, ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார்.